கண்ணில் மாட்டும் கருவி: உழவருக்கு உபயோகம் என்ன?

உழவுக்குப் புதிதாகப் பழக்கும் காளையை யாரும் நேராகப் பயிர் நிற்கும் நிலத்தில் இறக்குவதில்லை. பழகிய மாட்டோடு ஜோடி சேர்த்து முதலில் ஒரு கட்டையை இழுக்க விடுகிறார்கள். பிறகு தரிசில் ஏர் பூட்டுகிறார்கள். அங்கே மாடு திமிறினாலும் சால் கோணினாலும் நஷ்டம் இல்லை. மாடும் பழகுகிறது, ஓட்டுகிறவனும் பழகுகிறான். சேதம் வராத இடத்தில் முதலில் பழகிக்கொண்டு, பிறகு வேலைக்குப் போவது உழவுத் தொழிலில் பழைய வழக்கம்.

இந்தத் தரிசு நிலத்தின் வேலையை இப்போது ஓர் இயந்திரம் செய்கிறது. நீச்சல்காரர்கள் போடும் கண்ணாடியைப் போல, ஆனால் அதைவிடப் பருமனாக இருக்கும். கண்ணில் மாட்டிக்கொண்டால் எதிரே உள்ள சுவரும் ஆட்களும் மறைந்து வேறோர் இடம் தெரியும். தலையைத் திருப்பினால் அந்த இடத்தின் மற்றப் பக்கம் தெரியும். குனிந்தால் தரை தெரியும். இதற்கு மெய்நிகர் கருவி என்று பெயர். வி.ஆர். என்றும் சுருக்கமாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, பொருட்காட்சி என்று பல இடங்களுக்கும் இது வந்துகொண்டிருக்கிறது. வேளாண்மைப் பயிற்சிக்கும் வருகிறது. இதில் எது உண்மையான உபயோகம், எது வெறும் வேடிக்கை என்று விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

எப்படிக் காட்டுகிறது?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தால் அதன் சிரமம் தெரியும். நூல் ஊசிக்கு முன்னே போகும், அல்லது பின்னே போகும். மனிதனின் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்று வெவ்வேறு விதமாகப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் ஒன்று சேர்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. மெய்நிகர் கருவி இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு லென்சும் தனிப் படமும் உண்டு. இரண்டு படங்களும் சிறிது மாறியிருப்பதால், மூளை அதை ஆழமும் தூரமும் உள்ள நிஜ இடமாக எடுத்துக்கொள்கிறது.

தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்ளே இருக்கும் சிறு உணர்விகள் கவனித்தபடி இருக்கும். அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டர் படத்தை மாற்றுகிறது. இந்த மாற்றம் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிட வேண்டும். தாமதமானால் தலை சுற்றும்.

தாமதம் இல்லாவிட்டாலும் சிலருக்கு மயக்கமும் குமட்டலும் வருவது உண்டு. உடம்பு ஆடுகிறதா, நிற்கிறதா என்பதை உட்காதில் உள்ள ஓர் உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கருவியை மாட்டியிருப்பவரின் கண் ‘போகிறோம்’ என்கிறது. காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இந்த இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் வாந்தி எடுப்பதற்கும் இதே முரண்பாடுதான் காரணம்.

இன்னொரு வகையும் உண்டு. அது கண்ணை முழுதும் மறைக்காது. எதிரே உள்ள நிஜப் பொருளின் மேலேயே எழுத்தையோ படத்தையோ சேர்த்துக் காட்டும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போயிங் விமானக் கம்பெனியில் இந்த யோசனை எழுந்தது. விமானத்துக்குள் போகும் ஏராளமான மின்கம்பிகளில் எதை எங்கே பதிக்க வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கண்ணெதிரே காட்ட முயன்றார்கள். 2016இல் உலகெங்கும் இளைஞர்கள் தெருத்தெருவாகச் செல்போனை நீட்டிக்கொண்டு திரிந்த போக்கிமான் கோ விளையாட்டும் இந்த இனம்தான்.

துருத்தியில் பிறந்த கருவி

கண்ணாடி புதிது, இதன் பின்னே உள்ள யோசனை பழையது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலையைச் சேர்ந்தவர். ஆர்மோனியத்தைப் போலவே துருத்திக் காற்றால் இயங்கும் கருவிகள் அங்கே தயாராயின. விமானம் ஓட்டப் பழகுவதற்குப் பணம் அதிகம் செலவாயிற்று, உயிருக்கும் ஆபத்து. லிங்க் அந்தத் துருத்திகளைக் கொண்டே ஒரு பொம்மை விமானம் செய்து 1929இல் வெளியிட்டார். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் அது சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். தரையை விட்டு மட்டும் எழும்பாது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொருட்காட்சிகளில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளை எடுத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றார்கள். மூடுபனியிலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட அவர்களுக்குப் பழக்கம் இல்லை. சில வாரங்களுக்குள் பல விமானிகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் 6 பொம்மை விமானங்களை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கானோர் இதில் பழகிய பிறகே ஆகாயத்துக்குப் போனார்கள். வேடிக்கைப் பொருள் உயிர்காக்கும் கருவி ஆயிற்று. முதல் தவறிலேயே உயிர் போகக்கூடிய தொழிலில் அதைக் கொண்டுபோய் வைத்ததுதான் அதற்குக் காரணம்.

தலையில் மாட்டும் கருவியை 1968இல் ஐவான் சதர்லண்ட் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் செய்து காட்டினார். பாரம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் செல்போன்கள் தயாராக ஆரம்பித்த பிறகு சிறிய திரையும் உணர்வியும் மலிவாயின. 2014இல் ஃபேஸ்புக் கம்பெனி ஆக்குலஸ் என்ற சிறு கம்பெனியைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கிற்று. அதன் பிறகுதான் கண்ணாடி கடைகளுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்த சோதனை

இப்படிப் பழகுவதால் உண்மையில் பலன் உண்டா என்பதை அமெரிக்க டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2002இல் வெளியாயிற்று. பித்தப்பையைச் சிறு துளை வழியே அகற்றும் அறுவைச் சிகிச்சையைக் கற்றுவந்த 16 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியோடு கம்ப்யூட்டர் மெய்நிகர்க் கருவியிலும் பழகினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பயிற்சி மட்டும். பிறகு எல்லாரும் நிஜ நோயாளிக்கு, தேர்ந்த டாக்டரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்தார்கள். கருவியில் பழகியவர்கள் 29 சதவிகிதம் விரைவாக வேலையை முடித்தார்கள். பித்தப்பையைக் காயப்படுத்துவது, படக்கூடாத இடத்தில் சூடு வைத்துவிடுவது போன்ற தவறுகள் நேரும் வாய்ப்பு மற்றவர்களிடம் 5 மடங்கு அதிகமாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் கருவியில் பழகியதோடு நின்றுவிடவில்லை. வழக்கமான பயிற்சியும் இருந்தது. பக்கத்தில் ஆசானும் இருந்தார்.

மாட்டுக்குச் சினை பார்க்கப் பழகுதல்

கால்நடை வளர்ப்போருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. பசு சினையா என்று பார்க்க, டாக்டர் ஆசனவாய் வழியே கையை விட்டுக் குடல் சுவரின் மேலாகக் கருப்பையைத் தடவிப் பார்ப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். இதைக் கற்றுக்கொடுப்பது கஷ்டம். மாணவனின் கை உள்ளே எதைத் தொடுகிறது என்பது வெளியே நிற்கும் ஆசிரியருக்குத் தெரியாது. மாணவனுக்கும் தான் தொடுவது கருப்பையா, குடலா என்று தெரியாது. ஒரே பசுவைப் பல மாணவர்கள் சோதித்தால் பசுவுக்கும் வேதனை.

கால்நடை மருத்துவரான சாரா பெய்லி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது இதற்கு ஒரு வழி கண்டார். பசுவின் பின்பாதியைப் போல ஒரு கூடு. அதற்குள் ஓர் இயந்திரம். மாணவர் கையை உள்ளே விட்டு விரலை அதில் பொருத்திக்கொள்ள வேண்டும். விரலை நகர்த்தும்போது இயந்திரம் எதிர்த்துத் தள்ளும். மெத்தென்ற இடத்தில் மெதுவாகவும், கெட்டியான இடத்தில் அழுத்தமாகவும் தள்ளுவதால், நிஜமாகவே உறுப்பைத் தொடுவது போல இருக்கும். ஆசிரியர் பக்கத்தில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, “இன்னும் கீழே போ, நீ தொடுவது அதுவல்ல” என்று சொல்லலாம். இதில் பழகிய மாணவர்கள், பழகாதவர்களைவிட நிஜப் பசுவில் கருப்பையை மிக எளிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று சோதனையில் தெரிந்தது.

இந்தக் கருவியில் கண்ணாடியே முக்கியம் அல்ல. கைக்கு எது தேவையோ அதைக் கைக்குக் கொடுத்தார்கள். நல்ல பயிற்சிக் கருவிக்கு இதுதான் அடையாளம்.

கண்ணாடியைப் பசுவுக்கே மாட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2019 நவம்பரில் ரஷ்யாவின் மாஸ்கோ வட்டார வேளாண்மைத் துறை இப்படி ஒரு சோதனையை அறிவித்தது. கோடைக்காலப் புல்வெளியைக் காட்டினால் பசுவின் மனம் அமைதியாகும் என்பது எண்ணம். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஆனால் பல மந்தைகளில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி முடிவாக எதுவும் அப்போது தரப்படவில்லை. பால் கூடுவதற்கு நல்ல தீவனமும், சுத்தமான தண்ணீரும், நிழலும் வேண்டும் என்பதில் விவசாயிகளுக்குச் சந்தேகம் வேண்டாம்.

மருந்து தெளிக்கும் டிரோன்

தமிழ்நாட்டில் சிறு விவசாயியின் வரப்புக்கு மிக அருகில் வந்திருப்பது டிரோன் பயிற்சிதான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் மருந்து நீர் தெளிப்பது வழக்கம். டிரோனில் சுமார் 10 லிட்டரில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. மருந்தின் அளவு அதேதான், தண்ணீர்தான் குறைவு. அதாவது டிரோனில் உள்ள கரைசல் பல மடங்கு கெட்டியானது. அது காற்றில் அடுத்த வயலுக்குப் போனால் சேதமும் அதற்கேற்ப இருக்கும். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்னும் பட்டுப்புழுக்கள் செத்துப்போகும். 2,4-டி களைக்கொல்லியின் சாரல் பட்டாலே பருத்திச் செடி இலை சுருங்கிக் கெட்டுப்போகும். தவறு செய்தவர் ஒருவர். நஷ்டப்படுகிறவர் பக்கத்துக் காட்டுக்காரர்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. டிரோன் ஓட்டுகிறவரை விட்டு விலகிப் போகும்போது, இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும். வயல் கோடியில் திரும்பி அவரை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். கை இடதுபக்கம் தள்ளும். டிரோன் அவர் பார்வைக்கு வலதுபக்கம் ஓடும். அந்தப் பதற்றத்தில்தான் தென்னை மரத்திலோ மின்கம்பியிலோ போய் மோதுகிறது. சில லட்ச ரூபாய் விலையுள்ள இயந்திரம் நொறுங்குகிறது. ஆள் மேல் விழுந்தால் விபரீதம்.

இந்தத் தவறைக் கம்ப்யூட்டர் திரையில் நூறு முறை செய்யலாம். நூறு முறை மோதினாலும் ஒரு பைசா நஷ்டமில்லை. நூற்றொன்றாவது முறை கை தானாகச் சரியான பக்கம் போகும். டிரோன் பயிற்சி நிலையங்களில் நிஜ டிரோனைக் கொடுப்பதற்கு முன் கம்ப்யூட்டரில் பறக்கவிட்டுப் பழக்குவது இதற்காகத்தான்.

ஆனால் திரை கற்றுத்தராத பாடங்களும் உண்டு. திடீரென்று அடிக்கும் காற்று, கண்ணைக் கூசும் வெயில், சேற்று வரப்பில் வழுக்கும் கால், மருந்தை அளந்து கலக்கும் முறை, முகமூடியும் கையுறையும் போடும் பழக்கம் ஆகியவை வயலில்தான் வரும். தெளிப்பதற்கு முன் ஒரு பிடி உலர்ந்த மண்ணைத் தூவிக் காற்றுப் போகும் திசையைப் பார்க்கும் விவசாயியின் அறிவு எந்தக் கண்ணாடிக்குள்ளும் இல்லை. கம்ப்யூட்டரில் பழகுவது பாதிப் பாடம். மீதிப் பாடத்தை வயல்தான் சொல்லித்தர வேண்டும்.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி, விவசாய டிரோனை ஓட்டுகிறவர் அதற்கான சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறி, 18 வயது நிரம்பியவர்கள் பயிற்சியில் சேரலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. விலையில் 80 சதவிகிதம், அதிகபட்சம் ரூ. 8 லட்சம் மானியம் என்றும், குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி என்றும் அதில் அறிவிக்கப்பட்டது. பறக்கவிடும் பயிற்சியோடு மருந்து, உரம் தெளிக்கும் பயிற்சியையும் தனியே சேர்த்திருந்தது அதில் நல்ல அம்சம்.

மகனையோ மகளையோ இப்பயிற்சியில் சேர்க்க நினைப்பவர்கள், கடன் வாங்கிப் பணம் கட்டும் முன் நாலு கேள்விகள் கேட்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி அந்த நிலையத்துக்கு உண்டா? கம்ப்யூட்டரில் எத்தனை மணி நேரம், நிஜ டிரோனில் எத்தனை மணி நேரம்? தண்ணீர் நிரப்பி, வயல் மேல் தெளித்துப் பழக்குவார்களா? படித்து முடித்தவர்கள் ஊரில் வேலை செய்கிறார்களா? முதல் கேள்விக்கு எழுத்தில் ஆதாரம் கேட்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக் காட்டிவிட்டு நிஜ டிரோனைத் தொடவிடாத பயிற்சி, கரையில் நின்று நீச்சல் பழகிய கதைதான்.

வாடகைக்குத் தெளிக்க ஆள் அழைப்பவர்களும் சான்றிதழைப் பார்த்த பிறகே வயலில் இறங்கச் சொல்ல வேண்டும். பக்கத்து வயலில் என்ன பயிர் இருக்கிறது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தால்

குழந்தைகளின் படிப்புக்கும் இந்தக் கருவியை விற்க வருகிறார்கள். கண்ணுக்கு எட்டாத இடத்தைக் காட்ட இது உதவும். பாரிஸ் நகரின் நோத்ர தாம் மாதா கோயில் 2019இல் தீப்பிடித்து மூடியிருந்த சமயம், 2022 முதல் அதன் பழைய காலத் தோற்றத்தைப் பொதுமக்கள் இக்கருவியில் பார்க்க முடிந்தது. உள்ளே போக முடியாத இடத்துக்கு இது நல்ல வழி.

ஆனால் கண் மலர்ந்து பார்ப்பதெல்லாம் மனத்தில் பதிவதில்லை. டென்மார்க்கில் 52 கல்லூரி மாணவர்களுக்கு ஒரே அறிவியல் பாடத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டர் திரையிலும் கண்ணாடியிலும் நடத்திப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, கண்ணாடியில் பார்த்தவர்கள் அந்த இடத்திலேயே இருந்ததுபோல உணர்ந்தார்கள்; ஆனால் படித்தது குறைவு. காட்சியின் கவர்ச்சியிலேயே கவனம் போய்விட்டது. திருவிழாக் கூட்டத்தில் பாடம் நடத்துவது போலத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கூகுள் கம்பெனி 2014இல் ஓர் அட்டைப் பெட்டியும் இரண்டு லென்சும் கொண்ட மலிவான கருவியை வெளியிட்டது. செல்போனை அதில் செருகிப் பார்க்கலாம். பள்ளிகளுக்கென்று பாடக் காட்சிகளும் தந்தது. 2021இல் இரண்டையும் நிறுத்திவிட்டது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனிக்கு இக்கருவிகள் தொடர்பான பிரிவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் நஷ்டம். பெரிய கம்பெனிகளே இன்று தொடங்கி நாளை நிறுத்துகின்றன. ஆகவே பள்ளிக்கோ, உழவர் குழுவுக்கோ கருவி வாங்குகிறவர்கள் பழுது பார்க்க யார் வருவார்கள், பாடங்கள் தமிழில் உண்டா, கம்பெனி கைவிட்டால் கருவி வேலை செய்யுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பம்புசெட் வாங்கும்போது உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்பதில்லையா, அதே கேள்விதான்.

சிறு குழந்தைகளுக்கு இதை நெடுநேரம் மாட்டிவிடக்கூடாது. மயக்கமோ கண்வலியோ தெரிந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். பெரியவர்களும் உட்கார்ந்தபடி பார்ப்பது நல்லது. எதிரே உள்ளது தெரியாததால் தடுக்கி விழ நேரிடும்.

எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்?

தீர்மானிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. முதல் தவறுக்கு என்ன விலை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விமானம், அறுவைச் சிகிச்சை, மின்கம்பி வேலை, மருந்து டிரோன் இவற்றில் முதல் தவறின் விலை உயிராகவோ லட்ச ரூபாயாகவோ இருக்கலாம். அங்கே இந்தக் கருவி செலவுக்குத் தகுந்த பலன் தரும். நாற்று நடவும், களை எடுக்கவும், மண்புழு உரம் தயாரிக்கவும் கற்கிறவர் செய்யும் முதல் தவறு ஒரு கைப்பிடி நாற்றோடு போகும். அதற்குப் பக்கத்து வயல் போதும். அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்தால் போதும்.

சிறு விவசாயி தனியாக இக்கருவியை வாங்கத் தேவையில்லை. பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் வாங்கி வைக்கட்டும். தேவையானபோது போய்ப் பழகிக்கொள்ளலாம். பழகி வந்த பிள்ளை வரப்பில் வந்து நின்றதும், டிரோனைத் தூக்குவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காற்றில் தூவிப் பார்க்கச் சொல்வது பெரியவர்களின் பொறுப்பு.